மல்லிகா அக்காவின் மழைக்கால சூப்

நேற்று ஒரு கல்யாணப் பந்தியில் அன்னாசிப்பூ மணத்ததும், நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பெருமாநல்லூர் சாலையில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த மல்லிகா அக்காவின் ஓட்டுக்கூரைக் கடை நினைவுக்கு வந்தது. அக்காவின் அம்மா வியட்நாம்காரர். சைகோனிலிருந்து சிறுமியாக வந்த அக்கா, கோடையில் மாங்காயும் புதினாவும் வைத்துச் சுருட்டிய அரிசி ரோலும், தை மாதம் வாழையிலையில் கட்டி அவித்த பாசிப்பருப்புச் சாதமும், மழை பிடித்தால் அன்னாசிப்பூ போட்ட ஆட்டெலும்புச் சாற்றில் அரிசிச் சேமியா மிதக்கும் சூப்பும் விற்பார்.

முதல் மழைக்கு சூப்பை யாரும் தொடவில்லை. “பரோட்டா மட்டும் போடுங்க, இல்லீன்னா காலி பண்ணுங்க” என்றார் கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர்.

“பரோட்டாவும் போடறனுங்க. மழை வந்தா சூப்பும் வெப்பனுங்க” என்றார் அக்கா.

கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த என் அம்மா, இருமல் தாங்காமல் ஒருநாள் அதைக் குடித்தாள். “தொண்டைக்கு எதமா இருக்குடி, வா” என்று தோழியையும் இழுத்து வந்தாள். அடுத்த ஐப்பசியில் கடை வாசலில் குடைகள் வரிசையாக நின்றன.

பின்னொரு மழைநாளில், பக்கத்துக் கம்பெனியை விரிவாக்கக் கடையை இடித்தார்கள். அக்கா அடுப்பை எதிரே இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார். வரிசையின் கடைசி ஆளுக்கு ஊற்றி முடிக்கும்வரை, விழுந்துகொண்டிருந்த சுவரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.