எங்கள் கேட்டுக்கு எதிரே உள்ள புத்தர்

கண்டியில் விகாரை வாசலில் வரிசையில் நிற்கிறோம். பம்பாய் செம்பூரில் என் பக்கத்து ஃபிளாட்காரரான ராமநாதன் தாமரைத் தட்டை இரு கைகளாலும் ஏந்தியிருக்கிறார். பூ விற்கும் தமிழ்ப் பெண் அவரிடம் கேட்கிறாள்: “பம்பாயில புத்தர் கோயில் இருக்குங்களா, ஐயா?”

“எங்க பக்கம் கிடையாதும்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “பொய் சொல்லாதேயும். நம்ம கேட்டுக்கு எதிர்லயே இருக்கே.”

“அது அந்தக் குடிசைக்காராளோடது ஓய். அதுவும் இதுவும் ஒண்ணா?”

அங்கே இருப்பவரும் இதே புத்தர்தான். ஒலிபெருக்கித் தொல்லை தாங்கவில்லை, அந்த விகாரையை அகற்றுங்கள் என்று போன மாதம் எங்கள் கட்டடத்தார் எல்லோரும் கையெழுத்திட்டு மனு கொடுத்தோம். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் அதை எழுதியவன் நான். அங்கே ஒலிபெருக்கியே கிடையாது. எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.