சாது சொன்ன ‘ஞாபகமில்லை’

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் சாது என்றுதான் கூப்பிட்டோம். பதினெட்டு வருடமாகத் துணி எண்ணி வாங்கும் வேலை. யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் அவர்கள் மூட்டையையும் தூக்குவார். தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. பக்கத்து மேசையில் போர்வை மடித்தவள் நான்.

போர்வை தேய்க்கும் சூட்டு உருளையில், அவசரத்துக்கு நிறுத்தும் பொத்தான் வேலை செய்யவில்லை. சாது புகார்ப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதினார். முத்து முத்தான அந்த எழுத்தை நானே பார்த்தேன். மெஷினை நிறுத்தினால் வார்டுக்குப் போர்வை போகாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் மேனேஜர்.

அதற்குள் உருளை எங்கள் தங்கச்சியின் வலது கையை இழுத்துக்கொண்டது. வயதில் எல்லோருக்கும் இளையவள், அதனால் தங்கச்சி. இடது கையால் அந்தப் பொத்தானை அடித்துக்கொண்டே இருந்தாள். சாதுதான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் சாப்பாட்டு நேரத்திலேயே பொத்தானை மாற்றிவிட்டுப் போனார். அவ்வளவுதான் வேலை!

விசாரணையில் மேனேஜர், அவள் கவனக்குறைவு, யாரும் புகார் சொன்னதில்லை என்று சாதித்தார். புத்தகத்தில் அந்த மூன்று பக்கங்களையும் காணோம். விசாரிக்க வந்த அதிகாரி அம்மா, நீங்கள் புகார் எழுதினீர்களா என்று சாதுவைக் கேட்டார்.

"ஞாபகமில்லைங்க" என்றார், தரையைப் பார்த்து.

அவரே சொல்லாதபோது நமக்கென்ன என்று நானும் உட்கார்ந்திருந்தேன். தங்கச்சிக்கு வேலை போயிற்று.

பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாசலில் மடக்கிக் கேட்டேன்.

"என் வீட்டுக்காரி ஆபரேஷனுக்கு ரத்தம் கெடைக்காம தவிச்சப்ப மேனேஜர்தான் வந்து குடுத்தாரு. அவர் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"

நன்றி விசுவாசமாம். அதற்கு விலை அடுத்தவள் கையா!

ஞாயிற்றுக்கிழமை சாது பழம் வாங்கிக்கொண்டு தங்கச்சியைப் பார்க்கக் கிளம்பினார். நானும் போனேன். அவளுடைய அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பழப்பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"நீங்க நல்லவரா இருக்கறதுக்கு என் கைதான் கெடச்சுதாண்ணே?"

சாது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நாங்கள் இருவரும் அதிகாரி அம்மாவிடம் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மேனேஜரை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள், அதோடு சரி. ரத்தம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று கூடத்தில் பாதிப்பேர் சாதுவிடம் முகம் கொடுப்பதில்லை.

தங்கச்சி திரும்ப வந்துவிட்டாள். விரல்கள் மடங்காது. துணிக்கணக்கை இடது கையால் எழுதுகிறாள். எங்கள் இருவரிடமும் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.