கார் குடித்த தண்ணீர்

பெண் கொடுப்பதற்கு முன் ஊரைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் கொள்கை. அக்காவை ஊர் பார்க்காமல் கொடுத்து, அவள் பெட்டியோடு திரும்பி வந்த பிறகு பிறந்த கொள்கை. என் முறை வந்தபோது வில்லியனூரிலிருந்து பாகூருக்கு வாடகைக் கார் பேசினார். யாராவது கேட்டால் கோயிலுக்கு வந்தோம் என்று சொல்வதற்காக என்னையும் ஏற்றிக்கொண்டார். அதாவது அன்றைக்கு நான் ஒரு சாக்கு. கல்யாணப் பெண் என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆடி பிறப்பதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று பிள்ளை வீட்டார் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. வழியில் பழைய சுங்கச்சாவடி வந்தது. பிரெஞ்சுக்காரன் போன பின் அங்கே ஆள் கிடையாது. கம்பம் மட்டும் தூக்கியபடி நின்றது. டிரைவர் பழக்கதோஷத்தில் காரை நிறுத்திக் காத்திருந்துவிட்டு, யாரும் வராததால் மறுபடி கிளப்பினார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அப்பா ஒரே கட்டளைதான் போட்டிருந்தார். அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது. போக நேர்ந்தாலும் கை நனைக்கக் கூடாது. பேச்சு முடியும் முன் பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டாலும் குடித்தாலும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். பிறகு பின்வாங்கினால் ஊரே காறித் துப்பும்.

பாகூரை ஒரு சுற்று சுற்றினோம். ஏரிக்கரை, கோயில், கடைத்தெரு. ஊர் அழகாகத்தான் இருந்தது. குறை சொல்ல எதுவும் அகப்படாததே எனக்கு எரிச்சலாக இருந்தது. மளிகைக்கடை பாயிடம் அப்பா அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பக்குவமாக விசாரித்தார். நல்ல நிலம், கிணறு வற்றாது என்றார் பாய். மனுஷர்கள் எப்படி என்று கேட்டார் அப்பா. ஏரித் தண்ணீர் முதலில் பாயும் நிலம் என்று சொல்லிவிட்டு, பாய் தராசைத் துடைக்கத் தொடங்கினார். ஆளைக் கேட்டால் நிலத்தைச் சொல்கிறாரே என்று காரில் ஏறியதும் அப்பா முணுமுணுத்தார்.

திரும்பும் வழியில் கார் கொதித்துவிட்டது. ஒரு தெருவின் நடுவில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி எதிர்வீட்டுக்குள் தண்ணீர் கேட்டு ஓடினார். அந்த வீட்டு வாசலில் இரட்டை வேப்பமரம். தரகர் சொன்ன அடையாளம் அதுதான். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வாளியின் பின்னாலேயே ஓர் அம்மாள் வந்தார். வில்லியனூர்க் கார் என்று டிரைவர் உளறியிருந்தார். மீதியை அவரே கூட்டிக்கொண்டார். பிள்ளையின் தாயார். உள்ளே வரச் சொன்னார். கோயில், நேரம், வெயில் என்று அப்பா எதையெதையோ சொன்னார். அதற்குள் ரேடியேட்டர் ஒரு வாளியை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டது.

“ஒங்க காரே எங்க வூட்டுத் தண்ணிய குடிச்சிடுச்சு. பொண்ணு ஒரு வாய் மோர் குடிச்சா இன்னா?” என்று சிரித்தார் அந்த அம்மாள். மூத்த மருமகளைக் கூப்பிட்டார்.

மருமகள் செம்பில் மோர் கொண்டுவந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் அவமரியாதை, குடித்தால் சம்மதம். எனக்கோ நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டிவிட்டேன்.

அவள் மாமியாருக்கு முதுகைக் காட்டியபடி கார் ஜன்னலில் குனிந்தாள். செம்பை என் கையில் வைத்தாளே தவிர, விடவில்லை.

“குடிக்காத. வவுத்துவலின்னு சொல்லு.”

சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எனக்குள் இருந்த நடிப்பையெல்லாம் கொட்டினேன். டிரைவர் மூடியைத் திருகிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அப்பா கும்பிடு போட்டுக்கொண்டே ஏறினார்.

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தியிருந்தார். “இன்னாடி சொன்ன அவகிட்ட?” என்று மருமகளைக் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது. பதில் விழவில்லை. கார் நகர்ந்துவிட்டது.

ஏரிக்கரை தாண்டியதும் அப்பாவிடம் சொன்னேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று மறுநாள் அவர் தரகரிடம் சொல்லியனுப்பினார். அந்த மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று கெஞ்சினேன். போகவில்லை. ஆனால் கார் நகரும் முன்பே மாமியார் அவளைக் கேட்க ஆரம்பித்துவிட்டாரே. அதை நினைத்து அந்த ஆடி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

எனக்குத் தையில் வேறு ஊரில் கல்யாணம் நடந்தது. நல்ல இடம். நான் பிழைத்துக்கொண்டேன். அந்த மருமகளும் கல்யாணப் பெண்ணாக ஒரு நாள் அந்த வாசலுக்கு வந்திருப்பாள். அவளிடம் குடிக்காதே என்று சொல்லத்தான் ஆள் இல்லை. மூத்த மருமகளுக்கு முன்னால் அந்த வீட்டில் வேறு மருமகள் ஏது?