ஒரே பிளக்கில் இரண்டு பெட்டிகள்

ஆயுத பூஜையன்று நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அந்த இரண்டு பெட்டிகளின் நெற்றியிலும் மார்கழி வரை அழியவில்லை. ஸ்ரீரங்கத்தில் நான் நெட்வொர்க் ஆளாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் வைஃபை முழுவதும் அவற்றின் கையில்தான். இருதய வார்டில் படுத்திருப்பவர்களின் துடிப்பு அந்த வைஃபை வழியாகவே நர்ஸ்களின் திரைக்கு வரும். முதல் பெட்டி படுத்துவிட்டால் இரண்டாவது பெட்டி உடனே வேலையை எடுத்துக்கொள்ளும் என்று கேன்டீன் வரைக்கும் பெருமை பேசியிருந்தேன்.

வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வார்டின் தலைமை சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர் முன்னால் என் தொப்பை தானாக உள்ளே போய்விடும். "பேசுனது போதும் சார், காட்டுங்க" என்றார். லேப்டாப்பிலேயே காட்டுகிறேன் என்று இழுத்தேன். கரண்டு என்ன உங்களைக் கேட்டுக்கொண்டா போகும் என்றார். ஒவ்வொரு கட்டிலருகிலும் நாடியைப் பிடிக்க ஒரு நர்ஸை நிறுத்தினார்.

பெட்டிகள் வார்டை ஒட்டிய அறையில் இருந்தன. கதவைத் திறந்தால் திரையும் கட்டில்களும் தெரியும். முதல் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். எண்கள் மறைந்து, இரண்டு நொடியில் திரும்பின. கழுத்தில் மாலை விழும் என்று நிமிர்ந்து நின்றேன். சிஸ்டரோ குனிந்து வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பழையபடி ஓடவிட்டதும், இரண்டு பெட்டிகளும் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காட்டி, "இப்ப இதைப் புடுங்குங்க" என்றார்.

என் கை போகவில்லை. பூஜைக்கு சீரியல் லைட் போட இடமில்லாமல், இரண்டாவது பெட்டியின் பிளக்கை அதன் தனி யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி இங்கே சொருகியவன் நான்தான். லைட்டை மறுநாளே கழற்றி மடித்து வைத்தேன். பிளக்கை மறந்தேன்.

"அப்ப ரெண்டு பெட்டி இல்ல சார். ஒண்ணுதான் இருக்கு."

பிளக்கைப் பழைய யுபிஎஸ்ஸுக்கே மாற்றி, பெட்டி எழுந்து நிற்கும் வரை காத்திருந்தேன். இந்த முறை எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயரைப் பிடுங்கியது அவர். திரையில் எண்கள் மறைந்தன. மனசுக்குள் எண்ணிக்கொண்டே அதை முறைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"நாலாவது பெட் எழுபத்தெட்டு, நல்லாருக்காரு சிஸ்டர்" என்று வார்டிலிருந்து ஒரு நர்ஸின் குரல் வந்தது. எண்கள் அதற்கப்புறம்தான் வந்தன. திரும்பினேன். வயரைக் கையில் பிடித்தபடியே சிஸ்டர் அந்த நாலாவது கட்டில்காரரின் முகத்தைப் பார்த்து நின்றார். திரையில் எண்கள் வந்ததே அவருக்குத் தெரியாது.

இப்போது திருச்சி டவுனில் வேறு ஆஸ்பத்திரி. மாதம் ஒருமுறை இதே சோதனை. பிளக்குகளை இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வயரைப் பிடுங்கியதும் என் கண் இன்னும் திரைக்குத்தான் ஓடுகிறது.