கடல் சேற்றில் களை பார்த்தவள்

களமருதூரில் சாலம்மாள் களையெடுத்துவிட்டுப் போன கழனியில் மறுபடி யாரும் குனிய வேண்டியதில்லை. நெற்பயிரையும் அதைப்போலவே இருக்கும் களையையும் முளைவிட்ட சில நாளிலேயே பிரித்துச் சொல்லிவிடுவாள். பேச்சுதான் ஓயாது.

மகள் எழில்மதிக்குக் கடலூர்ப் பக்கம் நர்ஸ் வேலை கிடைத்தபோது துணைக்கு அவளும் போனாள். நாற்பத்து நாலு வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். இவ்வளவு தண்ணீர் கிடந்தும் ஒரு போகம் விளையாதா என்று கேட்டாளாம். எழில்மதி இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பக்கத்திலிருந்த சின்னக் கடல் ஆய்வகத்தில் புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஆய்வாளராக இருந்த தேவிப்ரியா தியாகதுருகத்தில் நிலபுலமுள்ள வீட்டுப் பெண். ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததுமே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஆள் குறைந்த ஒருநாள், கடலடிச் சேற்றைச் சலிக்கும் வேலையைத் தேவிப்ரியா அவளிடம் கொடுத்தாள். பிறகு மைக்ராஸ்கோப் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். நிலம் வைத்திருக்கும் குடும்பத்தார் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பழகாத சாலம்மாள், விளிம்பில் ஒட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

பழுப்பாகச் சின்னச் சின்ன உருண்டைகள். ஒருவகை நுண்பாசி இப்படித்தான் உறங்கும் என்று தேவிப்ரியா விளக்கினாள். தண்ணீரில் சத்தும் வெயிலும் இருக்கும்வரை அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருகும், கடலே சிவந்துபோகும். அதைத் தின்னும் மட்டிச் சிப்பியில் விஷம் ஏறும், அந்த மட்டியைச் சாப்பிடுகிறவருக்கும் ஆபத்து. சத்து தீர்ந்ததும் இரண்டிரண்டாகக் கூடி, தடித்த தோலைப் போர்த்திக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிடும். வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"களை வெத மாதிரிங்களா மேடம்?"

"அதேதான்க்கா."

"அப்ப சேத்தக் கிளறுனா எழுந்துக்கும். ஏர் ஓட்டுனா இன்னா மொளைக்குதுன்னு நாங்க பாத்துக்கினுதான இருக்கோம்."

அது புத்தகத்திலும் இருக்கிறது என்றாள் தேவிப்ரியா. தனக்கு முன்பே யாரோ சொல்லிவிட்டதில் சாலம்மாளுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த பங்குனியில் முகத்துவாரத்தைத் தூர்வாரினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த சேற்றில், பத்து உருண்டைக்கு ஏழு ஓட்டையாக இருந்தன. வழக்கமாக இரண்டுதான் அப்படி இருக்கும். தப்பாக எண்ணிவிட்டோமோ என்று சாலம்மாள் மறுபடி எண்ணினாள். பிறகு தேவிப்ரியாவிடம் போய் நின்றாள்.

"எல்லாம் வெறுந்தோலா கெடக்குதுங்க. உள்ள இருந்தது மேல பூடுச்சு."

தேவிப்ரியா உடனே தண்ணீரையும் மட்டியையும் சோதித்தாள். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் மட்டியில் விஷம் ஏறத் தொடங்கியிருந்தது. அன்று மாலையே மட்டி எடுக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சாலம்மாளுக்கு அது போதவில்லை. பக்கத்து வீட்டுத் தைலம்மாள் தினமும் கழிமுகத்தில் மட்டி பொறுக்குகிறவள். மறுநாள் விடியலில் அவள் கூடையோடு கிளம்பியபோது சாலம்மாள் வழிமறித்தாள். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறது, உனக்கென்ன தெரியும் என்று தைலம்மாள் எரிந்து விழுந்தாள். சாலம்மாள் கூடையை வாங்கிக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, பாசியின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் நீர் ஏறி, மட்டித்திட்டு மூழ்கிவிட்டது. மறுநாளும் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் தைலம்மாள் கூடையை வெளியே எடுக்கவேயில்லை.

ஐந்தாம் நாள் கடல் செம்பழுப்பாக மாறியது. கரையெங்கும் மீன் செத்து ஒதுங்கியது. அந்தத் தெருவில் ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. பத்து நாளில் நிறம் வடிந்ததும், தைலம்மாள் ஒரு பை கருவாட்டோடு வந்தாள்.

ஆய்வகத்தில் எல்லாரும் ஓய்ந்து உட்கார்ந்தபோது சாலம்மாள் மட்டும் சேற்றைச் சலித்தாள். தடித்த தோலோடு புது உருண்டைகள் விழத் தொடங்கியிருந்தன. இவ்வளவு பெரிய கழனியில் களையெடுக்க ஆளே இல்லையே என்று தேவிப்ரியாவிடம் அங்கலாய்த்தாள். அன்றிலிருந்து எண்ணிக்கை முழுவதும் அவள் பொறுப்பு.

ஆடியில் கூழ் ஊற்ற இருவரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினார்கள். உளுந்தூர்பேட்டை வரைக்கும் சாலம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். தேவிப்ரியா பாதி வழியிலேயே அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.