'ஸ்ரீ'யில் விழுந்த பிழை

அடைக்கலநாதன் குருநகர்க்காரன். பரம்பரை முழுக்கக் கடல்; இவனுக்கோ வள்ளத்தில் ஏறினால் தலைசுற்றிச் சத்தி. அதனால்தான் கந்தோர் உத்தியோகத்துக்கு வந்தான் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். எண்பத்தாறில், இராணுவத்திடம் பிடிபட்ட பிள்ளைகளைத் தேடித் தரும் ஒரு சின்னக் கந்தோரில் அவனும் நானும் வேலை. பெற்றோர் தமிழில் பெயர் எழுதித் தருவார்கள். தெற்கிலுள்ள தடுப்பு முகாம்களின் பெயர் இடாப்போ ஆங்கிலத்தில். நான் ஒவ்வொரு பெயராக ஆங்கிலத்தில் தட்டெழுதி விரல் வீங்கியிருந்த காலத்தில்தான் எங்களுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது.

தமிழ்ப் பெயரை அது தானாகவே ஆங்கில எழுத்துக்கு மாற்றும்படி அடைக்கலநாதன் ஒரு புரோகிராம் எழுதினான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஒரு புத்தகமும் ஆறு மாதப் பிடிவாதமும்தான். வெள்ளோட்டமாகத் தன் மனைவி ஸ்ரெல்லாவின் பெயரை அடித்தான். ஆங்கிலத்தில் 'ட்' வரவேண்டிய இடத்தில் 'ர்' வந்து நின்றது.

"கட்டின மனிசியின்ரை பேரே உனக்கு எழுதத் தெரியேல்லை," என்று சிரித்தேன்.

உண்மையில் அது எங்கள் ஊர் வழக்கம் செய்த வேலை. மற்றவர்கள் ஸ்டெல்லா, ஸ்டான்லி என்று எழுத, யாழ்ப்பாணத்தார் ஸ்ரெல்லா, ஸ்ரான்லி என்று எழுதிவிட்டு வாசிக்கும்போது சரியாக வாசித்துவிடுவோம். கொம்பியூட்டருக்கு அந்தச் சங்கதி எங்கே தெரியும்? அதற்கு எழுத்துத்தான் தெரியும். சொல் எந்தப் பாஷையிலிருந்து வந்தது என்று தெரியாது. 'ஸ்' எழுத்துக்குப் பின்னால் 'ர' வந்தால் 'ட' ஆக்கு என்று அடைக்கலநாதன் ஒரு விதி சேர்த்தான். அடுத்த மாதமே குருநகர்ப் பெடியன் ஒருவன், ஸ்ரான்லி, எந்த முகாமில் இருக்கிறான் என்று பதில் வந்தது. நாங்கள் தலைகால் தெரியாமல் திரிந்தோம்.

நீர்வேலியிலிருந்து செல்வநாயகி வந்தது அதற்குப் பிறகு. அவவின் மகன் ஸ்ரீகுகனுக்குப் பத்தொன்பது வயது. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பெயரைக் கொழும்புக்கு அனுப்பினோம். அங்கேயும் பெயர்களை ஒப்பிட்டது இன்னொரு கொம்பியூட்டர்தான். அப்படி ஒருவர் எந்த முகாமிலும் இல்லை என்று பதில் வந்தது.

இரண்டு மாதம் கழித்து மகனின் பரீட்சைச் சான்றிதழோடு அவ திரும்ப வந்தா.

"தம்பி, இதிலை அவன்ரை பேர் இங்கிலிசிலை கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

அடைக்கலநாதன் சான்றிதழைப் பார்த்தான். எங்கள் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது. நாங்கள் அனுப்பிய பெயர் 'ஸ்டீகுகன்'.

'ஸ்ரீ'யிலும் 'ஸ்' இருக்கிறது, அதன் பின்னால் 'ர' இருக்கிறது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியில் ஒரே விசையாக அதை அடித்துப் பழகிய எனக்கு அது உறைக்கவேயில்லை. பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தவன் நான். அந்தக் கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது.

அன்றைக்கே சரியான பெயரைத் தந்தியில் அனுப்பினோம். பதினோராம் நாள் பதில் வந்தது. ஸ்ரீகுகன் முகாமில் இருந்தவர். போன மாதம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். எங்கே என்று குறிப்பில்லை. அதன்பிறகு எத்தனையோ கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் விபரம் வரவில்லை.

தாயிடம் பிழையைச் சொல்லாமல் விடுவோம் என்றேன். பயம்தான், வேறென்ன? அடைக்கலநாதன் கேட்கவில்லை. நீர்வேலிக்குச் சைக்கிளை மிதித்தான். நானும் பின்னால் போனேன். முற்றத்தில் நின்றபடியே ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் முதல் வந்து எழுதித் தந்த நேரம் அவன் அங்கை இருந்தவனோ?" என்று அவ கேட்டா.

"ஓம் அக்கா."

"அங்கை ஆக்களைப் பாக்க விட்டவையோ?"

"ஓம். தாய் தேப்பனை விட்டவை."

அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப என்ரை பிள்ளை அம்மா வருவா எண்டு பாத்துக்கொண்டு இருந்திருப்பான்," என்றா.