முடிப்பில் இருந்த அடுத்த நம்பர்

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் எனக்கு நோட்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள். பரளச்சிப் பக்கத்தில் மிளகாய் போடும் சம்சாரிகளுக்குக் கொடுப்பதற்காக பாங்கிலிருந்து எடுத்துவந்த புது நோட்டுக் கட்டில், ஒரு பத்து ரூபாய் நோட்டின் மூலையில் கூடுதல் காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. தாள் மடிந்து, வெட்டும்போது கத்திக்குத் தப்பிய மூலை. அதில்தான் ஆரம்பித்தது. சில வருடங்களில், அருப்புக்கோட்டையில் பிழை நோட்டு என்றால் மண்டிக்காரரிடம் காட்டு என்று சொல்லும் அளவுக்குப் பேர் வந்துவிட்டது. பேர் வந்ததும் தலைக்கனமும் வந்தது.

என்னிடம் வருவதில் முக்கால்வாசி, மனிதர்கள் கைப்படச் செய்த வேலை. நம்பர் இல்லாத நோட்டுக்கு லட்சம் கிடைக்கும் என்று செல்போனில் எவனோ அளந்துவிட்டிருப்பான். உடனே பிளேடால் சுரண்டுவார்கள், ரப்பரால் தேய்ப்பார்கள், ஆசிட்டில் முக்கி நிறத்தை மாற்றுவார்கள். நரிக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் ‘படமே விழாத நோட்டு’ என்று காட்டினார். படத்தின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காம்பு மட்டும் அழியாமல் மிச்சமிருந்தது.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. சுரண்டிய இடத்தில் காகிதம் பிசிறு தட்டி நிற்கும். லென்ஸ் வைத்தால் தெரியும். அதோடு நோட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம்பர் அச்சு அழுந்தி விழுவதால் பின்பக்கத்தில் லேசான தடம் இருக்கும். மையை அழித்தாலும் தடம் அவ்வளவு சுலபத்தில் போகாது. தடமே இல்லையென்றால், அங்கே அச்சு விழவே இல்லை என்று அர்த்தம்.

எங்களைப் போன்றவர்கள் இருபது பேர், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மாடி அறையில் கூடுவோம். பாளையம்பட்டியிலிருந்து ஒரு நெசவாளர் வருவார். வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிடச் சுத்தமான தமிழ். அதிகம் பேசமாட்டார். அவர்கள் தெருக் கோயில் திருவிழாப் பணப் பெட்டியின் சாவி பல வருடமாக அவர் இடுப்பில்தான் இருந்தது. அதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு ஞாயிறு, புது நூறு ரூபாய் நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். மேலே இடது பக்கம் நம்பர் இருந்தது. கீழே வலது மூலையில் இருக்க வேண்டிய அதே நம்பர் இல்லை.

“பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார்.

லென்ஸ் வைத்தேன். வலது மூலையில் காகிதம் பிசிறு தட்டியிருந்தது, லேசாக நிறமும் மங்கியிருந்தது. எனக்கு அது போதும்.

“தேச்சது” என்றேன். அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

“இல்லண்ணாச்சி. வீட்டுல மஞ்ச தடவிட்டாக. ஈரத்துணி வச்சுத் தொடச்சேன். அம்புட்டுதான்.”

“எல்லாரும் ஒரு கதை வச்சிருக்காக. சரி, நெசப் பிழைன்னா கட்டுல அடுத்த நம்பர் நோட்டுலயும் கோளாறு தெரியும். மிஷின் ஒரே தாளோட சரியாகாது. அடுத்தது எங்க?”

“திருப்பதி முடிப்புல கெடக்கு” என்றார்.

நேர்ந்துகொண்ட பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைப்பது அவர்கள் வழக்கம். முடிந்தபின் அது சாமி பணம். மலையேறி உண்டியலில் போடும்வரை அவிழ்க்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் சொன்னேன்: “நல்ல எடம் பாத்து வச்சிருக்கீக. அப்போ பெருமாளையே சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதுதான்.”

அறையே சிரித்தது. அவர் நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதன்பின் வரவில்லை.

சிரித்த இருபது பேரில் ஒருவருக்கு அந்தத் தெருவில் சம்பந்தி வீடு. பேச்சு அங்கே போனது. நோட்டில் நம்பரை அழிக்கிறவர் கையில் கோயில் பெட்டியா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த வருடத் திருவிழாவுக்குச் சாவி வேறு கைக்கு மாறியது. இது என் காதுக்கு வந்தது. வந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. நான் சொன்னது சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன் என்பது ஒரு சமாதானம். போய்ப் பேச வெட்கமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இரண்டு வருடம் கழித்து அவர் மாரடைப்பில் இறந்தார். துட்டி விசாரிக்கவும் நான் போகவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அவர் மனைவி மண்டிக்கு வந்தார். வத்தல் நெடியில் இருமிக்கொண்டே முந்தானையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தார். முடிச்சு அவிழ்ந்திருந்தது.

“சாமிக்கு முடிஞ்சது. நாந்தான் அவுத்தேன்” என்றார். “ரெண்டு நோட்டையும் முடியத்தான் மஞ்ச தடவுனேன். அதுல ஒண்ணுல நம்பர் இல்லன்னு பாத்துட்டு, அவுக அத மட்டும் எடுத்துக்கிட்டு வேற பழைய நோட்டு வச்சாக. இது அடுத்த நோட்டு. அவுக இருந்தவரைக்கும் அவுக்க விடல. நானும் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், சாமி குத்தம்னுட்டாக.”

அன்றைக்கு அவர் கொண்டுவந்த நோட்டையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடுத்தடுத்த நம்பர். முடிப்பிலிருந்த நோட்டில் மஞ்சள் கறைக்கு அடியில், வலது மூலை நம்பரின் கடைசி மூன்று எண்கள் மட்டும் பாதி பாதியாக விழுந்திருந்தன. மற்றவை இல்லை.

அப்போதுதான் நெசவாளர் அன்று காட்டிய நோட்டைத் திருப்பினேன். இடது பக்க நம்பருக்குப் பின்னால் தடம் இருந்தது. வலது மூலைக்குப் பின்னால் காகிதம் வழவழவென்று இருந்தது. அச்சு விழவே இல்லை.

“நான் சொன்னது தப்பும்மா. அவுக பொய் சொல்லல” என்றேன்.

“அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று உளறினேன். எதையாவது கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்று நினைத்த என் புத்தியை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

“அவுக விக்கிறதுக்குக் கொண்டாரல. நெசம்னு ஒங்க வாயால ஒரு சொல்லு கேக்கத்தான் வந்தாக” என்றார். அவர் அழவில்லை. “அன்னைக்கு எத்தன பேர் இருந்தாக?”

“இருவது பேரு. எல்லார்ட்டயும் சொல்லீர்றேன். ஒங்க தெருவுலயும் வந்து சொல்றேன்.”

“சொல்லுங்க” என்றார். பாதி விழுந்த நோட்டை மட்டும் திரும்ப மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார். “இது சாமியோடது. அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

இரண்டு இடத்திலும் சொன்னேன். மாடி அறையில் ஒருவர், அந்த ஜோடி என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார். தெருவில், கோயில் வாசலில் இருந்த பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இனிமேல் சொல்லி என்ன பிரயோசனம் என்றார் ஒருவர்.

அந்த நோட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். அதற்குக் கால் நிமிடம்கூட ஆவதில்லை.